இல்லாத இருமலுக்குப் பதினேழு அட்டை மிட்டாய்

அன்புள்ள தங்கைக்கு, உன் அண்ணன் கடையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் இரட்டைப் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'சுகம்' என்று எழுதும்போது பேனா ஒரு நிமிடம் நின்றது. போன மாதம் எழுதியிருந்தால் அது பச்சைப் பொய். இப்போது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்கு இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பேசுகிறவள். நான் 'ஹலோ' என்றால் கூடத்திலிருந்து உன் மாமியார், "யாரு, மருந்துக்கடையா?" என்று கேட்கிறார். அந்தப் போனில் சொல்கிற சங்கதி இல்லை இது. தனியாக உட்கார்ந்து படி. படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு. நீங்கள் இருவரும் செய்ய வேண்டியது என்ன என்று கடைசியில் எழுதப்போகிறேன். அதற்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

உன் மருமகனின் இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். மூன்று பார்சல் மூலிகைப் பொடியும் அனுப்பிவிட்டாய். தங்கச்சி, அவனுக்கு இருமல் இல்லை. குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை, அப்படி ஒரு இருமல் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. அவனுக்கு இருந்தது வேறு ஒன்று. பிள்ளையின் அந்தரங்கத்தை அப்பனே ஊருக்கு எழுதலாமா என்று நீ கோபப்படுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை எழுதச் சொன்னவனே அவன்தான். "அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்கப்பா. அந்தப் பொடியைக் குடிக்கிறதுக்கு மானம் போனாலும் பரவாயில்ல" என்றான். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டான். அதுவும் கடைசியில்தான்.

ஆரம்பம் இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணி அவன் மேஜை இழுப்பறைக்குப் புதுத்தாள் விரிக்கப் போனாள். நான் விரிக்கச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை, பழைய தாளும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க வராது. இழுப்பறையின் அடியில் பதினேழு அட்டை இருமல் மிட்டாய். ஆரஞ்சு, தேன், புதினா என்று எல்லா ருசியும் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைக்கு உயிர் போகிற இருமல் வந்திருக்கிறது, பரீட்சை நேரத்தில் பெற்றவர்களுக்குக் கவலை வைக்கக் கூடாதென்று வெளியே சொல்லாமல் மென்று விழுங்கியிருக்கிறான், என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். மிட்டாயைப் பிரிக்கவே இல்லையே என்று நான் கேட்டதற்கு, "மிச்சம் பிடிக்கிறான், பாவம்" என்றாள்.

அவன் கல்லூரியிலிருந்து வந்ததும், "இருமலாடா கண்ணு?" என்று கேட்டாள். அவன் திறந்திருந்த இழுப்பறையைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான், "ஆமாம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து நாள் இருமினான். நடிப்பு அவனுக்குச் சுத்தமாக வராது. அண்ணி அறைக்குள் நுழைந்தால் இருமல் வரும், வெளியே போனால் நின்றுவிடும். மாடி வீட்டு ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் படியில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது வறட்டு இருமல், இடது பக்கத்திலிருந்து வருது" என்று தீர்ப்புச் சொன்னார். காலையில் ஆவி பிடித்தல், மாலையில் உப்புநீர்க் கொப்பளிப்பு, நடுவில் உன் பொடி. எக்ஸ்ரேகூட எடுத்தாயிற்று. படம் பார்த்தவர் நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். உன் அண்ணி அந்த மெஷினில் கோளாறு என்று சொல்லி வேறு இடத்தில் ஒரு எக்ஸ்ரே எடுக்க வைத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேள். முப்பது வருடமாக மருந்துக்கடை நடத்துகிறவன், அந்தப் பதினேழு அட்டையைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டியது, ஆனால் தட்ட வேண்டிய இடத்தில் இல்லை. அட்டைகள் இருந்த காகித உறைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஆறு கடைப் பெயர் அச்சிட்ட உறைகள். ஒன்றுகூட நம் கடை உறை இல்லை! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. சொந்தக் கடை இருக்கும்போது என் மகன் ஊர் முழுக்க இருக்கிற கடையிலெல்லாம் போய் வியாபாரம் செய்திருக்கிறான். அன்று அவனை நான் திட்டிய திட்டு இதுதான்: "நம்ம கடையில இல்லாத மிட்டாயாடா? நம்மகிட்ட ஏழு ருசி இருக்கு, தெரியுமா உனக்கு?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்ப்பா" என்றான். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பிள்ளை உயிர்ப் பயத்தில் நிற்கிறான், நான் அவனிடம் ருசிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டேனா? ஒரு வாரம் அதையே நினைத்துப் புழுங்கிவிட்டு, அந்த ஆறு கடையில் ஒன்றான 'குளிர்க்கடை'க்காரரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு என் வாடிக்கையாளர்களைப் பாதிக்குப் பாதி இழுத்துக்கொண்டவர், அவருக்கு நான் வைத்த பெயர் அது. "என் பையன்னு தெரிஞ்சும் எப்படி வித்தீங்க?" என்று கேட்டேன். அவர், கடையில் இருந்த ஒரே வாடிக்கையாளர் வெளியேறும்வரை காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"அண்ணே, சொல்லக் கூடாதுதான். தொழில்னு ஒண்ணு இருக்கு. ஆனா நீங்களும் கடைக்காரர், நானும் கடைக்காரன். உங்க பையன் அஞ்சு தடவை வந்தான். முதல் நாலு தடவையும் கூட்டம் போற வரைக்கும் ஓரமா நிப்பான். கூட்டம் போனதும் என் முகத்தைப் பார்ப்பான். அப்புறம் இருமல் மிட்டாய் கேப்பான்."

தங்கச்சி, அந்த ஸ்டூலில் நான் எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு இது புரியாது, கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத்தான் புரியும். ஒருவர் கடைக்கு வருகிறார். வேண்டியது வேறு. வாயில் வரவில்லை. பக்கத்தில் ஒரு பெண்மணி நிற்கிறார், அல்லது தெரிந்தவர் ஒருவர் நிற்கிறார், அல்லது யாருமே இல்லை, அதுவும் சங்கடம்தான். நாம் "என்ன வேணும்?" என்கிறோம். அவர் கண் அலைந்து அலைந்து கல்லாப் பக்கத்தில் இருக்கும் மிட்டாய் டப்பாவில் நிற்கிறது. "ஒரு அட்டை இருமல் மிட்டாய்" என்கிறார். இரண்டு நாள் கழித்து மறுபடி வருவார், மறுபடி மிட்டாய். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, கல்லாவில் சாய்ந்து, குரலே வெளியே வராமல், வந்த காரியத்தைச் சொல்லுவார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும். மிட்டாய் டப்பாவைக் கல்லாப் பக்கத்தில் வைப்பதே பாதி இவர்களுக்காகத்தான். ஊரில் இருக்கிற இருமலுக்கு நான் விற்கும் மிட்டாயில் கால்பங்குகூடத் தேவைப்படாது. முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் முகத்தைப் பார்த்ததுமே கண்டுகொள்ளும் நான், என் வீட்டு இழுப்பறையில் பதினேழு அட்டையைக் கண்டுவிட்டு ருசியைப் பற்றிச் சண்டை போட்டேன்.

"அஞ்சாவது தடவை வந்தப்போ 'சூடு'ன்னு சொன்னான். மூணு கேப்சூல் குடுத்தேன்" என்றார் குளிர்க்கடைக்காரர். மருந்துச் சீட்டு இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். நான் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல முடியாத எரிச்சலுக்குக் கல்லாவில் பெயர் 'சூடு'. அப்படி யாராவது வந்து முனகினால், எங்கே எரிகிறது, எத்தனை நாளாக, டாக்டரைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டது கிடையாது. கேட்டால் அவருக்குச் சங்கடம், அதைவிட எனக்குச் சங்கடம். இழுப்பறையைத் திற, நாலு கேப்சூல் வெட்டு, தாளில் சுற்று, கண்ணைப் பார்க்காமல் கொடு. இதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேப்சூல் தின்றதும் எரிச்சல் கொஞ்சம் அடங்கும், நோய் உள்ளே அப்படியே இருக்கும், அவர் வீட்டுக்குப் போவார், வீட்டில் இன்னொருவருக்கும் போகும்.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது, மகனிடம் பேச வேண்டும். அதற்குத்தான் மூன்று நாள் ஆனது. முதல் நாள் அவன் அறை வாசலில் நின்று, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்றேன். அவன் கடமை தவறாமல் இருமினான். நான், "சரி, பாத்துக்கோ" என்று திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது நாள், நேரில் சொல்ல முடியாததைத் தாளில் கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சுகாதாரத் துறையிலிருந்து அந்த விஷயத்தைப் பற்றி ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்து, கல்லாவில் வைத்து இளைஞர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அதைக் கண்ணும் கருத்துமாகப் பயன்படுத்தி வந்தேன். எப்படியென்றால், மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கு ஒரு கால் குட்டை, அந்தக் கட்டைப் பிரிக்காமலே அதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன். இப்போது அதை உருவியதும் குளிர்பெட்டி சாய்ந்து, கதவு திறந்து, மேல்தட்டிலிருந்த சொட்டு மருந்து பாட்டில்கள் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தன. இரண்டு வருடம் அது சுமந்த பாரத்துக்கு எனக்கு அவ்வளவாவது வேண்டும்தான்.

ஒரு நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவன் பாடப்புத்தகத்துக்குள் செருகிவிட வேண்டியதுதான் என்று திட்டம். அதற்குள் குளிக்கப் போனேன். உன் அண்ணி சட்டையைத் துவைக்க எடுத்தாள். நான் வெளியே வந்தபோது அவள் நோட்டீஸை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் படித்தாள், பின்பக்கத்தையும் படித்தாள். பிறகு அதை மறுபடி அதே மடிப்பில் மடித்து என் கையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மறுநாள் மதியம்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் நிலைமையைப் பார். "எனக்கில்லை" என்று சொன்னால், "அப்போ யாருக்கு?" என்று வரும். மகனிடம் பேசாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனவே இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் செய்யாத குற்றத்துக்கு, செய்தவனைப் போலவே சோற்றுத் தட்டைக் குனிந்து பார்த்துச் சாப்பிட்டேன். மூன்றாவது நாள் மதியம் அவளே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"எனக்கில்ல."

"அப்போ யாருக்கு?"

அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அம்மா வீட்டில் நடமாடுகிற சத்தம் கேட்டால் அவன் இரும வேண்டுமல்லவா, அதுதான். இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பதினேழு அட்டை" என்றாள் மெதுவாக. அப்புறம், "ஐயோ, அந்தப் பொடியை வேற குடிக்க வெச்சேனே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. கொஞ்சம் பொறுத்து, "நீங்க போய்ப் பேசுங்க. நான் கேட்டா இருமிடுவான்" என்றாள்.

அவனைக் கடைக்கு அழைத்துப் போனேன். மதிய நேரம், ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவனை வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் நிறுத்திவிட்டு நான் பழக்க தோஷத்தில் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றேன். அப்படியே இருவரும் நின்றோம். அவன் கண் மெல்ல நகர்ந்து மிட்டாய் டப்பாவுக்குப் போனது. நான் டப்பாவை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

"குளிர்க்கடைக்காரர் சொன்னார்" என்றேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பேச ஆரம்பித்தான். ஒரு மாதமாக எரிச்சல். சீழ். கேப்சூல் சாப்பிட்டதும் அடங்கி, ஐந்தாம் நாள் மறுபடி. போனில் தேடிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகப் பயமுறுத்தியிருக்கிறது. எல்லோரும் பயப்படுகிற அந்தப் பெரிய நோய்தான் தனக்கு வந்துவிட்டது என்று அவனாக நினைத்துக்கொண்டிருக்கிறான். "பரீட்சைக்குப் படிக்கவே இல்லப்பா. எதுக்குப் படிக்கணும்னு தோணிடுச்சு" என்றான். மேலே என்னென்ன தோன்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தங்கச்சி, நம் வீட்டில், நாங்கள் இருவரும் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, பதினெட்டு முடிந்து மூன்று மாதமான பிள்ளை தனியாக உட்கார்ந்து சாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏன்டா என்கிட்ட வரல? ஊர்ல எல்லாரும் என்கிட்டதானேடா வராங்க?" என்றேன்.

"நீங்கதானேப்பா, அந்த மாதிரி யாராவது வந்தா என்னை உள்ள அனுப்பிடுவீங்க. 'போய் பேண்டேஜ் எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வா'ன்னு சொல்வீங்க. சின்ன வயசுல இருந்து எண்ணிக்கிட்டே இருக்கேன். இது நான் இருக்கக் கூடாத இடம்னுதானேப்பா எனக்குத் தெரியும்?"

அவன் சொன்னதில் கோபம் இல்லை, குறைசொல்லும் குரலும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். லீவு நாட்களில் கடைக்கு வந்து உட்காருவானே, நினைவிருக்கிறதா, ஏழு எட்டு வயதில். பெண்கள் வாங்கும் அந்தப் பொட்டலத்தை எடுக்கும்போது பேண்டேஜ். ஆண்கள் வாங்கும் அந்தப் பொருளை எடுக்கும்போது பேண்டேஜ். யாராவது கல்லாவில் சாய்ந்து கிசுகிசுத்தால் பேண்டேஜ். பிள்ளையின் மனம் கெட்டுவிடக் கூடாதென்று நினைத்துச் செய்தேன். அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சங்கதியில் அப்பா உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்.

திட்ட வேண்டும் என்றும் தோன்றியது, மறைக்கவில்லை. படிக்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்று நாக்கு நுனிவரை வந்தது. முதலில் டாக்டர், பிறகு திட்டு என்று வரிசை வைத்துக்கொண்டேன். டாக்டர் வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டுவதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் நானும் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் போஸ்டரை மனப்பாடம் ஆகும்வரை படித்தோம். டாக்டரம்மா கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். "பையனுக்கு எத்தனை வயசு?" என்றார். சொன்னேன். "அப்போ நீங்க வெளிய இருங்க. அவருக்கு இஷ்டம்னா அப்புறம் கூப்பிடுறேன்" என்றார். என் மகனை ஒருவர் 'அவர்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அந்தப் பழக்கத்தால் தொற்றுகிற நோய், பாதுகாப்பு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம், ஒரே ஒரு ஊசியில் குணமாகும், ஆனால் அரைகுறையாக மருந்து சாப்பிட்டுப் பூசி மெழுகினால் பின்னால் ஊசிக்கே அடங்காமல் போகலாம், என்று பொறுமையாகச் சொன்னார். ரத்தம் எடுத்து மற்ற நோய்களுக்கும் பார்த்தார்கள். அந்தப் பெரிய நோய் இல்லை. இப்போதைக்கு இல்லை என்றும், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார். நான் ஆரம்பத்தில் எழுதிய கால்வாசி அதுதான்.

எல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க மருந்துக்கடைதானே? 'சூடு'ன்னு யாராவது வந்தா என்ன குடுப்பீங்க?" என்று கேட்டார். நான் அவர் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். என் மகன்தான் எனக்குப் பதிலாக, "இனிமே இங்க அனுப்புவார், டாக்டர்" என்றான்.

அவனோடு பழகிய அந்த இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும், அவரும் வந்து மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இது தீராது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவன் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து போன் செய்தான். நான் வண்டிகள் நிறுத்துகிற இடம்வரை தள்ளிப் போய் நின்றேன். யார் என்று கேட்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். பேசி முடித்து வந்தவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்தப் பெண்ணும் மறுநாளே வந்து ஊசி போட்டுக்கொண்டாளாம். அவளுக்கு ஒரு வலி, ஒரு எரிச்சல், ஒரு அறிகுறி கிடையாதாம். ஆனால் பரிசோதனையில் நோய் இருந்ததாம். அப்படியே விட்டிருந்தால் பின்னால் பிள்ளைப்பேற்றுக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்றாராம். அவளாகவே இவனிடம் சொல்லியிருக்கிறாள். யாரோ பெற்ற பெண். என் மகன் இன்னும் நாலு கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையில் உடம்பு சிலிர்க்கிறது.

இனி, உங்கள் பங்கு. உன் மருமகன் போட்ட நிபந்தனை இது: "அத்தைகிட்ட சொல்லுங்க. ஆனா அத்தையும் மாமாவும் ரெட்டையருங்ககிட்ட பேசணும். பதினாலு வயசாகுது. அவங்க இதையெல்லாம் போன்ல தேடித் தெரிஞ்சுக்கக் கூடாது." பெண்ணிடம் நீ, பையனிடம் மாப்பிள்ளை என்று பங்கு பிரிக்காதே. இரண்டு பேரும் இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். உடம்பு அவர்களுடையது, விருப்பமில்லாத எதற்கும் 'வேண்டாம்' என்று சொல்லலாம், இப்படி நோய்கள் உண்டு, வராமல் காக்க வழி உண்டு, வந்தால் மருந்து உண்டு, என்ன ஆனாலும் முதலில் அம்மா அப்பாவிடம் வரலாம். இவ்வளவுதான். அவர்கள் வயதில் போட வேண்டிய அந்தத் தடுப்பூசியையும் போட்டுவிடு. பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று பயப்படாதே. சொல்லாமல் வளர்த்த பிள்ளையைத்தான் நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கூச்சப்படாமல், சுற்றி வளைக்காமல், எதை எதைச் சொல்ல வேண்டுமோ அதை அதன் பெயரோடு வாய் திறந்து சொல்லுங்கள். நான் மாறிவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில் நானே மாறியிருக்கும்போது உனக்கென்ன?

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் மாமியாருக்கு மருந்துக்கடைக்காரனின் வணக்கம். இரட்டையர் இருவரும் நோய் நொடி இல்லாமல், பயமில்லாமல், நூறு வயது வாழ இந்த மாமனின் ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவனிடம் படிக்கக் கொடுத்தேன், அவன் சங்கதி அல்லவா. கல்லாவில் சாய்ந்து நின்று முழுக்கப் படித்தான். இரண்டு இடத்தில் சிரித்தான், ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினான். கடைசியில், "நல்லா எழுதியிருக்கீங்கப்பா. ஆனா இவ்ளோ பெரிய லெட்டர்ல எனக்கு என்ன நோய் வந்துச்சுன்னு ஒரு இடத்துலகூட இல்ல" என்றான். அதெப்படி என்று பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். அந்த விஷயம், அந்தப் பொருள், அந்தப் பொட்டலம், அந்தப் பழக்கம், அந்தத் தடுப்பூசி. பெயரோடு சொல்லுங்கள் என்று உனக்கு உபதேசம் செய்த பக்கத்திலும் ஒரு பெயர் இல்லை. வாய் திறக்கச் சொல்கிறவனின் கையே திறக்கவில்லை. தான் எழுதித் தருவதாக அவன் பேனாவைக் கேட்டான். தரவில்லை, நானே எழுதுகிறேன் என்றேன். ஆகவே மேலே இருப்பதையெல்லாம் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் வைத்துக்கொள்.

உன் மருமகனுக்கு வந்தது கொனோரியா. அது உடலுறவால் தொற்றும் பால்வினை நோய். ஆண்குறியில் எரிச்சலும் சீழும் வரும், பெண்களுக்குப் பல சமயம் அறிகுறியே இருக்காது. பரிசோதனையில் இல்லை என்று வந்தவை சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆணுறை போட்டிருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். இரட்டையருக்குப் போட வேண்டியது எச்.பி.வி. தடுப்பூசி, பெண்ணுக்கு மட்டுமல்ல, பையனுக்கும். பெண்கள் வாங்கும் பொட்டலத்தின் பெயர் சானிட்டரி நாப்கின்.

இந்த ஏழெட்டு வரிக்கு, மேலே எழுதியது எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது. நடுவில் மூன்று வாடிக்கையாளர்கள் வந்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் நான் தாளைக் கையால் மறைத்தேன், அவர்கள் போனதும் கையை எடுத்தேன். நான் எழுதி முடிக்கும்வரை அவன் கல்லாவுக்குப் பின்னால், என் பக்கத்திலேயே நின்றான்.